இஸ்தோப்பு வெயில்

தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டைச் சொல்ல இலங்கை மலையகத்தில் இரண்டு சொல் போதும்: ஒரு காம்பரா, ஓர் இஸ்தோப்பு. காம்பரா போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். இஸ்தோப்பு ஒல்லாந்தருடையது, வாசற்படியை ஒட்டிய மேடைக்கு அவர்கள் வைத்த பெயர். கட்டியவர்கள் ஆங்கிலேயத் துரைமார், குடியிருந்தது தமிழ்ச் சனம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராவில் ஒரு ஜன்னல் இருந்தால் அது பெரிய விஷயம். முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயமென்றால் பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் இருக்கும். காற்று, வெளிச்சம், வெயில் எல்லாம் முன்பக்கத்தால்தான் வரவேண்டும். அந்த முன்பக்கம்தான் இஸ்தோப்பு.

என் அம்மாயி விடியற்காலையில் அடுப்பை மூட்டி, ரொட்டியைச் சுட்டு எடுத்து, கொழுந்துக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் அங்கே வந்து நிற்பார். கையில் சாயத்தண்ணி இருக்கும். எதிர்மலைக்கு மேலே ஏறிய வெயில் மெழுகிய தரையில் முதல் கோட்டைப் போடும் நேரம் அது. எண்ணெய் தடவிய கைக்குழந்தையைக் கிடத்துவது, கம்பளி காயப்போடுவது, பிள்ளைகள் பாடம் படிப்பது, பெண் பார்க்க வந்தவர்களை உட்காரவைப்பது, இறந்தவரைக் கிடத்துவது என்று ஒரு குடும்பத்தின் வாழ்வு முழுவதும் அந்த ஐந்தாறடி அகலத்தில்தான் நடந்தது.

பிள்ளைகள் பெருகப் பெருக இஸ்தோப்பை அடைத்தார்கள். தகரம், தேயிலைப் பெட்டிப் பலகை, பொலித்தீன், பழைய உரச்சாக்கு என்று கிடைத்ததைக் கொண்டு அடைத்தார்கள். திருமணமான மகனுக்கு ஒதுங்க ஓரிடம் கிடைத்தது. வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த ஒரே வெயில் போயிற்று. பகலிலும் விளக்குப் போட்டால்தான் உள்ளே முகம் தெரியும் என்ற நிலை அதற்குப் பிறகு வந்தது.

குளிர்நாடுகளில் வீட்டை ஒட்டிய பழைய கண்ணாடி அறையை எடுத்துவிட்டு, ஆண்டு முழுதும் இருக்கத்தக்க அறை ஒன்றை அங்கே கட்டுவது எப்படி என்று கேட்கிறார்கள். கோடையில் வேகும், குளிர்காலத்தில் உறையும் அந்த அறையை வீட்டின் உண்மையான ஒரு பகுதியாக்குவதே அவர்களுடைய கவலை. எங்கள் மலையிலும் இந்தக் கேள்வி இருக்கிறது, இரண்டு இடங்களில். ஒன்று துரை பங்களாவின் கண்ணாடி விறாந்தை. மற்றது அடைபட்டுப்போன இஸ்தோப்பு. முதலாவது பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது. இரண்டாவதை வீட்டுத்திட்டங்கள் என்ற பெயரில் இப்போதுதான் தொட்டிருக்கிறோம். தொட்ட இடத்தில் வெயிலையும் குளிரையும் மறந்துவிட்டோம் என்பது என் எண்ணம்.

பங்களாவிலிருந்து தொடங்குவோம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றரில். ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்து வந்த தோட்டத் துரைமார் தங்கள் ஊரை நினைத்துக் கட்டிய வீடுகளில் கல் அடுப்பங்கரையும் புகைபோக்கியும் இருந்தன. விறாந்தைக்குச் சின்னச் சின்னச் சட்டமிட்ட கண்ணாடி அடைத்து, பெகோனியாத் தொட்டி வைத்து, பிரம்பு நாற்காலி போட்டுக்கொண்டார்கள். அவர்கள் ஊரில் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும், ஆகவே தெற்கு முகக் கண்ணாடி வீட்டைச் சூடாக்கும். அதே கணக்கு ஏழாம் பாகை அகலக்கோட்டில் செல்லாது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகல் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. ஜூனில் அது 16 பாகை வடக்கே சாய்கிறது, டிசம்பரில் 30 பாகை தெற்கே. நேர் மேலே நிற்கும் வெயில் சுவர்க் கண்ணாடிக்குள் நுழையாது. கூரையைக் கண்ணாடியாக்கினால் மதியத்தில் உட்கார முடியாது.

அப்படியானால் மலையில் வெயில் எந்தப் பக்கம்? மலையில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். காலை தெளிவாக விடியும். பதினொரு மணிக்குப் பிறகு பள்ளத்திலிருந்து முகில் ஏறத் தொடங்கும். மாலையில் எதிர் லயமே தெரியாது. ஆகவே நம்பத்தகுந்த வெயில் காலை வெயில்தான், அது கிழக்கிலிருந்து தாழ்வாக வந்து சுவரில் நேராக அடிக்கிறது. கிழக்கும் தென்கிழக்கும் பார்த்த ஜன்னல்தான் மலையகத்துச் சூரிய அறை. சிவனொளிபாத மலைக்குச் சனம் ஏறும் டிசம்பர் முதல் மே வரையான பருவத்தின் முற்பகுதியில் மேற்குச் சரிவில் மழை குறைவு, வானம் திறந்திருக்கும். இரவில் உறைபனி விழுந்து நுவரெலியாப் பக்கத்துத் தேயிலை கருகுவதும் அந்தக் காலத்திலேயே, தை மாசியில். குளிர் கூடிய மாதங்களில்தான் வெயிலும் கூடுதலாகக் கிடைக்கிறது. இயற்கை அளித்த இந்த வசதியைப் பயன்படுத்தியே வீடு கட்டியிருக்கலாம்.

மே முதல் செப்டெம்பர் வரை கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மோதிக் கொட்டுகிறது. வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். அந்த மாதங்களில் வெயிலை எதிர்பார்த்துக் கட்டிய எந்த அறையும் பயன்படாது. வெப்பநிலை பெரிதாக இறங்காது, ஆனால் துணி காயாது, தலையணை ஈரமாகும், சுவரில் ஓதம் ஏறும், தகரப்பெட்டிக்குள் வைத்த பள்ளிக்கூடச் சான்றிதழில்கூடப் பூஞ்சணம் பூக்கும். ஆகவே "ஆண்டு முழுதும்" என்ற சொல்லுக்கு மலையில் இரண்டு பொருள்: தை மாசியில் இரவுக் குளிரைத் தடுப்பது, ஆனி ஆடியில் ஈரத்தை வெளியேற்றுவது. இரண்டையும் ஒரே வீடு செய்யவேண்டும்.

கண்ணாடி என்ன செய்யும் என்பதை நுவரெலியா விவசாயிகளிடம் கேட்டாலே போதும். ஸ்ட்ரோபெரிக்கும் குடைமிளகாய்க்கும் அவர்கள் போடும் பொலித்தீன் கூடாரத்துக்குள் பகலில் வியர்க்கும். சூரியன் மறைந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே வெளியே வித்தியாசமே தெரியாது. ஒற்றைக் கண்ணாடியும் அப்படித்தான்: உள்ளே வெளியே ஒரு பாகை வித்தியாசம் இருந்தால், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ ஆறு வாட் வெப்பம் அதன் வழியே ஓடிவிடும். பகலில் வாங்கிய வெயிலை இரவுக்கு வைத்திருக்கக் கனமான தரையோ சுவரோ வேண்டும். இரவில் கண்ணாடியை மூடத் தடித்த திரையோ பலகைக் கதவோ வேண்டும். துரை வீட்டில் கல் சுவரும் சீமெந்துத் தரையும் இருந்தன, திரையிட ஆள் இருந்தார், விறகடுப்பு இரவெல்லாம் எரிந்தது. அந்த விறகைச் சுமந்து வந்தது யார் தோள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த அறையின் சூட்டைக் கணக்கிடவேண்டும்.

அந்தப் பங்களாக்கள் பல இன்று நல்ல நிலையில் இருக்கின்றன. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள சில பங்களாக்கள் 2005 முதல் விடுதிகளாகப் புதுப்பிக்கப்பட்டன. கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் விடுதியானது. கொழுந்து வாட்டிய மாடிகளின் நீண்ட ஜன்னல் வரிசைக்குப் பின்னே இப்போது படுக்கையறைகள். பழைய கட்டடத்தை இடிக்காமல், அதன் உடம்பை வைத்துக்கொண்டே வாழத்தக்கதாக்கும் வித்தை இந்த மலையில் இருக்கிறது, அதற்கான மேசன்மாரும் தச்சர்களும் இருக்கிறார்கள் என்பதற்கு இவை சாட்சி. பணம் வந்த இடத்துக்கு அந்த வித்தையும் போயிற்று.

லயத்தின் கதை நீண்டது. கோப்பிக் காலத்து முதல் லயங்கள் வரிச்சும் மண்ணும் புல்லுமாக இருந்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக வைத்தார். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் மலை முழுதும் தேயிலையானது. கோப்பிக்குப் பருவகாலக் கூலிகள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுதும் கை வேண்டும். ஆண்டு முழுதும் வேலை வாங்குவது என்று முடிவானபோது, ஆண்டு முழுதும் இருக்கத்தக்க வீட்டையும் யோசித்திருக்கவேண்டும். கல்லிலும் தகரத்திலும் நீண்ட லயங்கள் எழும்பின, ஆனால் அளவு அதே பருவகால முகாமின் அளவு. மலையகத்தின் மூத்த எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தம் நாவல் ஒன்றுக்கு "வீடற்றவன்" என்று பெயர் வைத்தார். கூரைக்குக் கீழே இருந்தவர்களைப் பற்றித்தான் அந்தப் பெயர்.

1948 குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகக் கூறுபோட்டது. நாடு எதுவென்றே தெரியாதவன் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பானா? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நீண்டகாலக் குத்தகைக்குப் போயின. அப்போது தோட்ட வீடமைப்புக்கென உருவான நிதியமே இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். இடையிடையே கூரைத்தகரம் மாற்றினார்கள், இரட்டை லயத்தை ஒற்றையாக்கினார்கள், மாடி லயம் கட்டினார்கள். மாடி லயத்தில் இஸ்தோப்பு இல்லை, தோட்டம் போட ஒரு பாத்தி மண்ணும் இல்லை. அதை யாரும் மனமார விரும்பி நான் பார்த்ததில்லை.

திருப்பம் ஒரு பேரழிவால் வந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. மக்களை இடம்பெயர்க்க மாற்றுக் காணி தரப்படவில்லை. அதற்குப் பிறகே ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடித் தனிவீடும் என்ற கோரிக்கை அரசுக் கொள்கையாகியது. 2015இல் மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கென அமைச்சு வந்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 50,000 வீடுகளில் 4,000 மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2017 மே 12 அன்று நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2024 பெப்ரவரியில் அவற்றில் முதல் 1,300 வீடுகளுக்கு வேலை தொடங்கப்பட்டது; ஒரு வீட்டுக்கான தொகை 28 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

அந்த வீட்டின் அருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், தனிக் குசினி, வீட்டோடு கழிப்பறை. 120 சதுர அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்த குடும்பத்துக்கு அது விடுதலை. வளர்ந்த பெண்பிள்ளைக்குக் கதவு உள்ள ஓர் அறை என்றால் என்னவென்று லயத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் அந்தப் புதிய கிராமங்கள் சிலவற்றில் நடந்து பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. கொட்டகலையின் ஈரச் சரிவிலும் நுவரெலியாவின் உறைபனிப் பள்ளத்திலும் ஒரே வரைபடம். பாதை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வாசல். வெயில் எந்தப் பக்கம் என்று வரைபடத்தை யாரும் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை கூரை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 550 சதுர அடி என்பது 51 சதுர மீற்றர். சீலிங் இல்லாத ஒற்றைத் தகடு, தகரமோ அஸ்பெஸ்டஸோ, கண்ணாடியைப்போலவே ஒரு பாகைக்குச் சதுர மீற்றருக்கு ஆறு வாட் அளவு இழக்கும். தை மாத இரவில் வெளியே 6 பாகை, உள்ளே 18 பாகை வேண்டுமென்றால் வித்தியாசம் 12. பெருக்கினால் ஏறத்தாழ 3,700 வாட். ஏறக்குறைய நான்கு மின் அயன்பெட்டிகளை இரவு முழுதும் கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்ததற்குச் சமம். எந்தத் தோட்டத் தொழிலாளியாலும் அந்த மின்கட்டணத்தைக் கட்ட முடியாது. ஆகவே வீடு 18 பாகைக்கு வரவே வராது. கூரைக்குக் கீழே இரண்டு அங்குலத் தடிப்பில் வெப்பம் கடத்தாப் பொருளை வைத்துச் சீலிங் அடித்தால் இதே இழப்பு பத்தில் ஒரு பங்காகக் குறையும், அதாவது 370 வாட். தூங்கும் மனித உடம்பு ஒன்று 70 முதல் 80 வாட் வரை சூடு தருகிறது. ஐந்து பேர் படுத்திருக்கும் வீட்டில் அவர்கள் மூச்சும் உடம்பும் தரும் சூடே கூரை வழியாகப் போவதை ஈடுகட்டிவிடும். சுவர், ஜன்னல் வழியாகப் போவது வேறு. ஆனாலும் கூரையை மூடாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண்.

அஸ்பெஸ்டஸ் கூரையைப் பற்றித் தனியாக ஒரு சொல். மூச்சுப்பையைக் கெடுக்கும் இந்த நார்த்தகட்டை 2018 முதல் கட்டுப்படுத்திப் படிப்படியாக நிறுத்துவதாக இலங்கை முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. ரஷ்யா அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதி செய்யும் நாடு. சில நாட்களில் இலங்கை அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. அந்த மாதம் முடியும் முன் ரஷ்யா தேயிலைத் தடையை நீக்கியது. கொழுந்து பறித்தவளின் தேயிலையை விற்பதற்காக அவள் தலைக்கு மேலிருக்கும் தகட்டை மாற்றாமல் விட்டோம். இந்த மலையின் பொருளாதாரத்தை எனக்கு இவ்வளவு தெளிவாக விளக்கிய இன்னொரு சம்பவம் இல்லை.

கூரையை இறுக்கமாக மூடினால் ஈரம் உள்ளே தங்கும், அதற்கு வழி வேண்டும். ஐந்து பேர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் ஒரு லீட்டருக்கு மேல் நீரைக் காற்றில் விடுகிறார்கள். குளிர்ந்த தகரத்தின் அடியில் அது துளிகட்டி விடியற்காலையில் முகத்தில் சொட்டும். "கூரை அழுகுது" என்பார் அம்மாயி. மழையே பெய்யாத இரவில் கூரை ஏன் அழுகிறது என்று சிறுவயதில் நான் குழம்பியிருக்கிறேன். சூடான சீலிங்கில் துளி கட்டாது. அதோடு குசினியிலும் குளிக்கும் இடத்திலும் மேலே ஒரு காற்றுத்துவாரம், படுக்கையறையில் மூடித் திறக்கக்கூடிய சின்ன வழி, தரைக்கடியில் ஈரம் ஏறாமல் தடித்த பொலித்தீன் விரிப்பு என்ற மூன்றும் வேண்டும். செலவு அதிகமில்லை. கட்டும்போதே செய்யவேண்டும், பிறகு செய்ய முடியாது.

புகையும் இதோடு சேர்ந்த விஷயம். தோட்டத்தில் விறகென்றால் பெரும்பாலும் மிலாறு, கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி. நன்றாக எரியும், புகையும் கக்கும். லயத்துச் சுவர்கள் ஏன் கறுப்பு, பெண்களுக்கு ஏன் ஓயாத இருமல் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. எரிவாயு வந்த வீடுகளிலும் விலை ஏறும்போது மிலாறுக்குத் திரும்புகிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் நகரத்துக்காரர்களே விறகு தேடியதைக் கண்டோம். ஆகவே விறகடுப்பை ஒழித்துவிட்டதாகப் பாவனை செய்து கட்டப்படும் குசினி பொய்க் குசினி. களிமண்ணில் செய்த அனகி அடுப்பு இலங்கையில் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரே நெருப்பில் இரண்டு பானை வைக்கலாம், விறகு மிஞ்சும். அதற்கு மேலே ஒழுங்கான புகைபோக்கி வைத்து, அந்தப் புகைபோக்கியைக் குசினிக்கும் படுக்கையறைக்கும் நடுவேயுள்ள கனமான சுவரில் பதித்தால், சமையலின் சூடு சுவரில் தங்கி இரவில் அறைக்குள் வரும். துரை வீட்டுக் கல் அடுப்பங்கரையும் சூட்டைக் கல்லில் தேக்கித்தான் இரவைக் கடத்தியது. இதற்குத் தனியே விறகு வேண்டாம், எப்படியும் சோறு வேகத்தானே வேண்டும்.

சுவர்களைப் பற்றிச் சொல்வதானால், பழைய கல் லயங்களின் ஒன்றரை அடிச் சுவரை வெறும் அவமானச் சின்னமாகப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. வெயில் பட்ட கல் சூட்டை வைத்திருக்கும். இன்றைய சீமெந்துக் கல் சுவர் மெல்லியது, சீக்கிரம் குளிரும், மழை அடிக்கும் பக்கத்தில் ஈரம் குடிக்கும். மலையில் மண்ணுக்குக் குறைவில்லை. சிறிதளவு சீமெந்து சேர்த்து அழுத்திய மண்கல்லுக்கு இலங்கையில் 2009 முதல் தர நியமமே இருக்கிறது. சுடத் தேவையில்லை, ஆகவே காடு அழியாது. தூரத்திலிருந்து லொறியில் ஏற்றி வருவதும் குறையும். ஆனால் வட்டவளை போன்ற இடங்களில் அகலமான இறவாரமும் உயர்ந்த கல் அத்திவாரமும் இல்லாமல் மண்கல்லை நம்பக்கூடாது.

இந்த வழியில் எங்களுக்கு முன்னோடியும் இருக்கிறார். கண்டியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950களில் வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தை அமைத்தபோது, குடிவரவிருந்த குடும்பங்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, அவர்கள் எப்படிச் சமைக்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள், எதற்கு இடம் வேண்டும் என்று கேட்டறிந்து வீடுகளை வகைப்படுத்தினார். பல இனத்தவர் கலந்து குடிவந்த திட்டம் அது. எங்கள் தோட்டப் பெண்களிடம் அப்படி ஒரு தாள் போயிருந்தால் அவர்கள் முதலில் எழுதியிருக்கும் சொல் இஸ்தோப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வெளியூர் அனுபவங்களையும் அளந்துதான் எடுத்துக்கொள்ளவேண்டும். லடாக்கில் வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டிக் கண்ணாடியோ பொலித்தீனோ போட்ட முன்னறை கட்டி, உறைபனிக் காலத்திலும் உள்ளே சூட்டைச் சேர்த்துக் கீரையும் வளர்க்கிறார்கள். லே நகருக்கு அருகே உள்ள செக்மோல் பள்ளி வளாகம் இதற்குப் பெயர்பெற்றது. ஆனால் லேயில் ஆண்டு மழை 100 மில்லிமீற்றர் அளவுதான், வானம் பெரும்பாலும் தெளிவு. அந்த முன்னறையை அப்படியே ஹட்டனில் வைத்தால் ஆடி மாதம் அது பாசி பிடித்த தொட்டியாகும். எங்களுக்கு இன்னும் நெருங்கியது நீலகிரி. சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்து அனுப்பப்பட்டவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1960களின் இறுதியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களே இன்றைய டான்டீ. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் போய்ச் சேர்ந்த இடமும் லயன் வீடுகள்தான். கடல் தாண்டியும் கூரை மாறவில்லை. வேலை முடிந்தால் வீட்டை விடவேண்டும் என்ற அச்சமும் கூடவே போனது.

அந்த அச்சம்தான் இந்தக் கேள்வியின் அடியில் கிடக்கிறது. சீலிங், புகைபோக்கி, தடித்த சுவர் எல்லாம் பத்து இருபது ஆண்டுகளில் பலன் தருபவை. நாளைக்கு வீடு யாருடையது என்று தெரியாதவர் அதில் காசு போடமாட்டார், போடச் சொல்வதும் நியாயமில்லை. இலங்கையில் காணிப் பத்திரத்துக்கு "உறுதி" என்று பெயர். பல குடும்பங்களுக்கு வீட்டுத் திறப்பு கையில் இருக்கிறது, உறுதி இல்லை. 2018 வரை பிரதேச சபைகளால் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தடையின்றிச் செலவு செய்யக்கூட முடியவில்லை. அந்த ஆண்டுதான் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் தோட்டப் பிரதேசத்துக்கெனப் புதிய கிராமங்கள் அதிகார சபையும் சட்டமாக வந்தது. லக்ஷபானவும் காசல்ரீயும் மவுசாகலையும் நாட்டுக்கு மின்சாரம் தந்த ஆண்டுகளில் அவற்றின் கரையிலிருந்த லயங்கள் குப்பிவிளக்கில் இருந்ததற்கும் காரணம் இதுதான்: கம்பி இழுக்க, குழாய் போட, சுவர் உடைக்க யாரிடம் அனுமதி கேட்பது?

நிலத்தையும் பார்க்கவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் சரிவுகள் மீண்டும் இடிந்தன. தோட்டங்கள் தேயிலை நன்றாக நிற்கும் நிலத்தை வைத்துக்கொண்டு, தேயிலைக்கு ஆகாத செங்குத்தான துண்டையோ பள்ளத்தையோ வீட்டுக்குத் தருவது பழைய வழக்கம். செங்குத்து சரியும். பள்ளத்தில் இரவுக் குளிர்காற்று நீர்போல இறங்கித் தேங்கும்; அங்கேதான் உறைபனி முதலில் விழும். நடுச்சரிவில், கிழக்குப் பார்த்து, பின்னால் காற்றைத் தடுக்கும் மரவரிசையோடு இருக்கும் நிலமே வீட்டுக்கு உகந்தது. துரை பங்களாக்கள் எல்லாம் அப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கின்றன. வீட்டுக்கு எது நல்ல இடம் என்பது இந்த மலையில் யாருக்கும் தெரியாத இரகசியமாக ஒருபோதும் இருந்ததில்லை.

எல்லோருக்கும் புது வீடு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும், பெரும்பான்மையோர் இன்னும் லயத்தில்தான். அதுவரை லயத்தை அப்படியே விடுவதற்கு அது காரணமாகக்கூடாது. கிழக்குப் பார்த்த இஸ்தோப்புகளில் அடைத்த தகரத்தில் மூன்றிலொரு பங்கை எடுத்துவிட்டு ஒளி ஊடுருவும் தகட்டைப் போடலாம். அடைத்த இடமும் மிஞ்சும், வெயிலும் திரும்பும். காம்பராக் கூரைக்குக் கீழே அலுமினியப் படலம் ஒட்டிய நுரைத்தாளை வரிச்சட்டத்தில் இழுத்துக் கட்டலாம், அது ஊர்க்கடையில் கிடைக்கிற பொருள்தான். அடுப்புக்கு மேலே புகைபோக்கி. லயத்தின் பின்பக்கம் மண்ணோடு ஒட்டியிருக்கும் சுவருக்கு ஒரு கான் வெட்டி நீரைத் திருப்பினால் ஓதம் குறையும். மேசன் ஒருவருக்கு இரண்டு மூன்று நாள் வேலை.

புதிய கிராமங்களில் குடிபுகுந்து ஓராண்டான வீடுகளைப் பார்த்தால் எது புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்பது கண்ணில் படும். பெயின்ட் அடிக்கும் முன், மதில் கட்டும் முன், முன்வாசலில் இரண்டு கிராண்டிஸ் மரக் கம்பை நட்டு, நான்கு தகடு போட்டு, பலகை ஒன்றை வைத்திருப்பார்கள். தலவாக்கலைப் பக்கம் அப்படி ஒரு வீட்டில், பாதையைப் பார்த்த வாசலை விட்டுவிட்டு, பக்கச் சுவரோரம் அந்தத் தகரத்தை இறக்கியிருந்தார்கள். ஏன் இந்தப் பக்கம் என்று கேட்டேன். உள்ளே இருந்து ஒரு வயதான அம்மா எட்டிப் பார்த்து, எதிரே இருந்த மலையைக் கையால் காட்டினார். வெயில் அதற்கு மேலே அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.